சுண்டெலியின் விடையை அளத்தல்

ஒரு சுண்டெலியின் முன் வெள்ளை வாயிலொன்றும் கறுப்பு வாயிலொன்றும் உள்ளன. வெள்ளையைத் தேர்ந்தால் உணவு கிடைக்கும். நூறு சோதனைகளில் ஐம்பது முறை அது வெள்ளை வாயிலுட் புகுந்தது எனக் கொள்வோம். பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டதா? அன்று, எதையுமே கற்கவில்லை எனலாம். நாணயத்தைச் சுண்டி வழி தேர்ந்தாலும் இதே பயன் விளையும். ஆகவே இங்கு அளவுகோல் தொடங்குவது பூச்சியத்திலன்று, ஐம்பதிலேயாகும்.

சில சுண்டெலிகள் நிறத்தை நோக்காது எப்பொழுதும் வலப்பக்கமே செல்லும். வெள்ளை வாயிலை அடிக்கடி வலப்பக்கம் அமைத்தால் அவை அறிவுடையன போலத் தோன்றும். இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்தாலோ, அவ்வொழுங்கையே அவை கற்றுக்கொள்ளக்கூடும். இத்தவற்றை நீக்குதற்பொருட்டே கெலர்மன் என்னும் ஆய்வாளர் 1933 இல், ஒரே பக்கம் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வாராத வரிசைகளை வகுத்து வெளியிட்டார்.

இவற்றினும் பெரிய இடர் பசியாகும். 'ஆடும் சுண்டெலி' பற்றி 1907 இல் நூல் வெளியிட்ட அமெரிக்க உளவியலறிஞர் றொபேட் யேர்க்கீஸ், பசியை ஒரே அளவில் நிலைநிறுத்தல் இயலாது எனக் கண்டு, உணவுக்குப் பதிலாக மெல்லிய மின்னதிர்ச்சியைக் கையாண்டார். உணவைப் பரிசாக அளிக்கும் இன்றைய ஆய்வாளரும் இவ்விடரை எதிர்நோக்குகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு: உயர்ந்த ஒலி கேட்டால் குழாயை நக்கிப் பால்துளி பெறலாம், தாழ்ந்த ஒலி கேட்டால் நக்காதிருத்தல் வேண்டும். இரண்டும் ஐம்பது முறை ஒலிக்கின்றன. பசி மிக்க சுண்டெலி இரண்டுக்கும் நக்குகிறது. ஐம்பது விடைகள் சரி. வயிறு நிறைந்தது எதற்கும் நக்குவதில்லை, அதற்கும் ஐம்பதே. காரணங்கள் நேர்மாறானவை, புள்ளி ஒன்றே! எனவேதான் நக்க வேண்டியபோது நக்கியதையும், நக்கலாகாதபோது நக்கியதையும் வெவ்வேறாகக் கணக்கிடுகின்றனர். விலங்கின் நிறையையும் நாள்தோறும் குறிக்கின்றனர்.

இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. ஞாபகசக்திக்கான மருந்துகள் மனிதரை அடையுமுன் இத்தகைய கூடுகளிற் சோதிக்கப்படுகின்றன. பசியை அடக்கும் மருந்து, மறதியை விளைப்பதுபோலத் தோன்றலாம். பசியைத் தூண்டுவது, அறிவை வளர்ப்பதுபோலத் தோன்றலாம். அம்மருந்தை நம்பிக் காத்திருப்போர் நோயாளர். ஆதலின், "எத்தனை விடைகள் சரி?" என்று வினவுவதோடு அமையாது, "அவை எதனாற் சரியாயின?" என்றும் வினவுவதே விஞ்ஞானியின் கடனாகும்.