ஒரு தரம், ரெண்டு தரம்…

கொல்கத்தாவில் பார்க் தெருவை ஒட்டி ரஸ்ஸல் தெரு இருக்கிறது. அங்கே 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் என்ற ஏலக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் இப்படிப் பல ஏலக்கூடங்கள் ஓகோவென்று நடந்தன. இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேக்கு அலமாரி, பளிங்குப் பலகை பதித்த மேசை, கிராமபோன், பீங்கான் சாடி, பக்கத்திலேயே பழைய மின்விசிறி என்று எல்லாம் ஒரே கூடத்தில் கிடக்கும். ஏலம் விடுபவர் ஆங்கிலம், இந்தி, வங்காளம் மூன்றையும் கலந்து விலை கூவுவார். இருக்கிற நிலையில்தான் விற்பனை. எடுத்த பிறகு விரிசல் என்று வந்து நின்றால் எடுபடாது.

இத்தனை பொருளும் எங்கிருந்து வந்தன? 1947-இல் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. கப்பலேற்ற முடியாதது ஏலத்துக்கு வந்தது. 1953-இல் மேற்கு வங்கம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. வரும்படி நின்றது, மாளிகைச் செலவு நிற்கவில்லை. அப்படி நொடித்துப்போகும் ஒரு ஜமீன்தாரைத்தான் சத்யஜித் ராய் 1958-இல் ‘ஜல்சாகர்’ படத்தில் காட்டினார். அதற்குப் பிறகு மாளிகைகளே இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. ஒவ்வொரு முறையும் ஏலக்கூடத்துக்குச் சரக்கு வந்தது.

ஒரு பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்கு ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவப்பட்ட வியாபாரி முதலில் அதன் தொங்கல்களைப் பார்ப்பார். எத்தனை உதிர்ந்திருக்கின்றன, எவை பிற்பாடு மாட்டியவை என்று ஒவ்வொன்றாகக் கண்ணோட்டுவார். எல்லாம் சரியாக இருந்தாலும் விலை படியாமல் போகலாம். பத்தடி உயரக் கூரைக்குக் கீழே அதை எங்கே தொங்கவிடுவது?

ஓவியம் என்றால் சிக்கல் வேறு. ஓவியர் ஜாமினி ராய் நடுத்தரக் குடும்பங்களும் வாங்கட்டும் என்று தம் படங்களைக் குறைந்த விலைக்கே விற்றார். அதனால் அவர் படம் எந்த வீட்டிலிருந்தும் வரலாம். போலியும் அதே தெம்பில் வரலாம். 2011-இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைத்த 20 ஓவியங்கள் போலி என்று தொல்லியல் துறை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் தாகூரின் 12 ஓவியங்கள் சுமார் 16 லட்சம் பவுண்டுக்குப் போயிருந்தன. அவை டார்ட்டிங்டன் அறக்கட்டளையின் சேகரிப்பில் இருந்தவை. அதன் நிறுவனரான எல்ம்ஹர்ஸ்ட் தாகூரின் நண்பர். படம் வந்த வழி தெரிந்தது, காசு கொட்டியது.

சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தாகூர், ஜாமினி ராய், நந்தலால் போஸ், ரவிவர்மா உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளுக்கும் அந்தத் தடை பொருந்தும்.

நமக்கும் பழம்பொருள் ஏலமும் வியாபாரமும் புதிதல்ல. தமிழ் இலக்கியங்களைப் பதம் பிரித்து மலிவு விலையில் தந்த மர்ரே ராஜம், சென்னையில் மர்ரே கம்பெனி என்ற ஏல நிறுவனத்தை நடத்தியவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் கடை கடையாக நிற்கும். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் பலவற்றுக்கும் பதில் கிடைக்காது.

உங்கள் வீட்டில் பழம்பொருள் இருந்தால், யார் வாங்கியது, எந்த ஊரில், எப்போது என்று ஒரு தாளில் எழுதி, பழைய ரசீதும் புகைப்படமும் இருந்தால் சேர்த்து வையுங்கள். விற்கிற நாள் வந்தால், மூன்றாம் தரம் சொல்வதற்குள் விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவது அந்தத் தாளாக இருக்கும். விற்காவிட்டால், பேரப்பிள்ளைகள் அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாமல் இருப்பார்கள்.