ஊர் நோட்டில் யார் பெயர்?

(சனீஸ்வரன் கோயில் ஊரான குச்சனூரில் ஒரு சனிக்கிழமை மாலை, விவசாயிகளும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது.)



சனிக்கிழமை சாயங்காலம் குச்சனூரில் மைக் பிடிக்கிறவனுக்கு ஒரு தைரியம் உண்டு. எதிரே இருப்பவர்களில் பாதிப்பேர் எள் தீபம் போட்டுவிட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, ஏழரையில் இன்னும் எத்தனை பாக்கி என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குப் பொறுமை இருக்கும். (சிரிப்பு)

சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வார்கள். இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்குப் பையன்கள் போனுக்குள்ளேயே ஒரு சனியைக் குடிவைத்திருக்கிறார்கள். பிட்காயின். 2021 நவம்பரில் ஒரு காயின் 69,000 டாலர் வரை ஏறியது. அடுத்த நவம்பரில் 16,000க்குக் கவிழ்ந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதை வாங்கு என்று சொல்ல நான் வரவில்லை. வாங்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? எனக்குச் சண்டை வேறு ஆளிடம். அந்த ஆள் யார் என்று சொல்வதற்கு முன்னால், பெரியவர்களுக்கு இது என்ன சங்கதி என்று விளக்கியாக வேண்டும்.

மொய் நோட்டு தெரியும் உங்களுக்கு. விசேஷ வீட்டில் ஒருவர் பெயரையும் தொகையையும் மைக்கில் படிக்கிறார், இன்னொருவர் எழுதுகிறார். முடிந்ததும் நோட்டு அந்த வீட்டுப் பீரோவுக்குள் போய்விடுகிறது. பத்து வருசம் கழித்து நான் போட்ட ஐயாயிரத்தில் ஒரு சைபரைக் காணோம் என்றால் நான் யாரிடம் போய் நிற்பது? வங்கியும் அப்படித்தான். நோட்டு அவர்கள் பீரோவில் இருக்கிறது. அவர்கள் காட்டுகிற பக்கத்தை நாம் நம்ப வேண்டும்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் விழுந்தது. அந்த நோட்டுகளுக்குள் என்ன எழுதியிருந்தார்கள் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 31, சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. அவர் ஆணா, பெண்ணா, ஒருவரா, பத்துப் பேரா, இன்றுவரை நிச்சயமில்லை. அவர் சொன்னது இதுதான்: மொய் நோட்டு ஒரு வீட்டில் இருக்க வேண்டாம், ஊரில் எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். ஏறக்குறைய பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். ஒரு கணக்குப் புதிரை யார் முதலில் அவிழ்க்கிறாரோ அவர் அந்தப் பக்கத்தை எழுதலாம். எழுதுகூலியாகப் புதுக் காயின் கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை இருக்கும். ஒரு சைபரை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள பக்கம் எல்லாம் பொய்யாகிவிடும், ஊரே பார்த்துவிடும்.

எழுதுகூலி முதலில் 50 காயின். சுமார் நாலு வருசத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரல் முதல் 3.125. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல் எந்தக் காலத்திலும் கிடையாது. 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்ட முதல் பக்கத்திலேயே, வங்கிகளுக்கு இரண்டாவது முறை அரசு பணம் கொடுக்கப்போகும் செய்தியைச் சொன்ன லண்டன் பத்திரிகைத் தலைப்பைப் பொதிந்து வைத்தார்கள். பிறக்கும்போதே வங்கியோடு பகை.

நல்ல யோசனைதான். அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, நீ பிட்காயின் வைத்திருக்கிறாய் அல்லவா, அந்த ஊர் நோட்டில் உன் பெயர் இருக்கிறதா?

இல்லை. நீ ஆப் வழியாக வாங்கினாய். எக்ஸ்சேஞ்ச் என்கிற கடைக்காரரிடம் ரூபாயைக் கொடுத்தாய். உலகம் முழுக்கப் பிரதி இருக்கிற அந்த நோட்டில் கடைக்காரர் கணக்குதான் இருக்கிறது. உன் பெயர் அவருடைய சிட்டையில் இருக்கிறது. சிட்டை எங்கே இருக்கிறது? அவர் பீரோவில்! (கைதட்டல்) எந்தப் பீரோவை உடைக்க சடோஷி கிளம்பினாரோ அதே பீரோவுக்குள் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாயிற்று. கடைக்காரரிடம் விடாமல் காயினின் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்துப் பையன்களைக் கேட்டேன், இருவர்.

2024 ஜூலை 18. வஜீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருட்டுப் போயின. நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் கோடி. திருட்டுப் போனது ஒருவகைக் காயின், பூட்டப்பட்டது எல்லாருடைய கணக்கும். சென்னைக்காரர் ஒருவர் வேறுவகைக் காயினில் சுமார் இரண்டு லட்சம் போட்டிருந்தார். என் காயின் திருட்டுப் போகவில்லையே, அதை ஏன் பூட்டினீர்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார்: இது கையால் தொடுகிற பொருள் அல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் சொத்து, ஒருவர் வைத்து அனுபவிக்கவும், இன்னொருவர் பொருட்டு நம்பிக்கையில் வைத்திருக்கவும் கூடிய சொத்து. மெனக்கெட்டு ஒருவர் கோர்ட்டுப் படி ஏறியதால் வந்த வார்த்தை அது. இதைச் சட்டமாக எழுதிவைக்க வேண்டிய ஆள் தில்லியில் இருக்கிறார். என் சண்டை அவரிடம்தான்.

மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் செய்ததைக் கேளுங்கள். 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ‘ஜாக்கிரதை’ என்றது. 2018 ஏப்ரலில், காயின் வியாபாரம் செய்கிறவர்களுக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது என்று கதவைச் சாத்தியது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் தமிழ்நாட்டுக்காரர், நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். இதனால் உன் வங்கிகளுக்கு நேர்ந்த கேடு என்ன, ஒன்றையாவது காட்டு என்ற கேள்வியில் ரிசர்வ் வங்கி தோற்றது. 2021-ல் காயின் பற்றிய ஒரு மசோதாவை நாடாளுமன்றப் பட்டியலில் போட்டார்கள். அது அவைக்கு வரவே இல்லை. ஆனால் வரி மட்டும் வந்தது! மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீதம் போட்டார். லாட்டரிச் சீட்டில் விழுந்த பணத்துக்கும் அதே 30தான். விற்கும்போது 1 சதவீதப் பிடித்தம் தனி.

இதில் இன்னொரு கூத்து. ஒரு காயினில் உனக்கு ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நட்டம். கையில் மிஞ்சியது சைபர். வரி? செஸ்ஸோடு சேர்த்து 31,200 ரூபாய். நட்டத்தைக் கழிக்கவே கூடாது என்கிறது சட்டம். சின்னமனூரில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவரிடம் போய், திங்கட்கிழமை லாபத்துக்கு வரி கட்டு, செவ்வாய்க்கிழமை நட்டத்தை மறந்துவிடு என்று சொல்லிப் பாருங்களேன்.

2023 மார்ச்சில் இந்தக் கடைக்காரர்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். யார் வாங்கினான், யார் விற்றான், அரசுக்குச் சொல்லியாக வேண்டும். நல்லது. உன் காயின் பத்திரமாக இருக்கிறதா என்று உனக்கு யார் சொல்வது? வரி வாங்கத் தெரிகிறது, வேவு பார்க்கத் தெரிகிறது, காவல் நிற்க மட்டும் தெரியவில்லை.

இந்தக் கோயிலையே பாருங்கள். சனீஸ்வரனைக் கண்டு ஊரே நடுங்குகிறது. அந்தச் சன்னிதிக்கும் சோணைக் கருப்பணசாமி காவலுக்கு நிற்கிறார்.

வங்கியை நான் கும்பிடச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நகைக்கடன் வைக்காத வீடு இங்கே எது? வருசம் முடிந்தால் அசலும் வட்டியும் முழுசாகக் கட்டு, நகையைத் திருப்பு, பிறகு மறுபடி வை என்றார்கள். கட்ட ரூபாய் இருந்தால் நான் ஏன் நகையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்? காலையில் வட்டிக்காரரிடம் ஒருநாள் கைமாற்று வாங்கி, கவுண்டரில் கட்டி, அதே சங்கிலியைச் சாயங்காலம் மறுபடி வைத்து, வட்டிக்காரருக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரு பகலுக்கு அவர் கேட்ட வட்டியை நான் வங்கிக்குள் நின்றுகொண்டே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கிளையின் பெயர் வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு கிளை இருக்கும். இப்படி அலைக்கழித்தால் பையன் போனுக்குள் இருக்கிற கடைக்குத்தான் போவான்.

என் அக்கா மகன் போனான். மலைக்கு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவன். சேர்த்த காயினை ஆன்லைனில் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றான். கணக்கில் ரூபாய் ஏறியது. மூன்றாம் நாள் கணக்கு முடங்கியது. வாங்கியவர் அனுப்பியது வேறு யாரையோ ஏமாற்றிய பணமாம், எங்கோ வடக்கே ஒரு சைபர் போலீஸ் நிலையத்திலிருந்து கடிதமாம். காயின் பணம் முடங்கியது சரி, மாமா, ஜீப் வாடகைப் பணம் என்ன பாவம் செய்தது என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கவுண்டரில் இருந்தவரிடமும் இல்லை. ஜீப்பின் தவணை தேதி மட்டும் அதே வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வந்துகொண்டிருந்தது.

பிட்காயின் வங்கியை ஒழித்துவிடும் என்றார்கள். ஒழித்ததா? பிளாக்ராக் என்ற உலகின் மிகப்பெரிய முதலீட்டு நிறுவனத்தின் தலைவர் லாரி ஃபிங்க் 2017-ல் இதைப் பணமோசடியின் அளவுகோல் என்கிற மாதிரி இகழ்ந்தார். 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததும் அதே நிறுவனம் பிட்காயின் ஃபண்டு விற்க முதல் வரிசையில் நின்றது. 2021-ல் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய எல் சால்வடார் நாடு, பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கும்போது, வியாபாரிகள் விரும்பினால் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று 2025-ல் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. ரிசர்வ் வங்கி தன் பங்குக்கு 2022 டிசம்பர் 1 முதல் மின்ரூபாயைப் பொதுமக்கள் கைக்குச் சோதனையாக விட்டது. அது காந்தித் தாத்தா நோட்டைப் போனில் போட்டது, பிட்காயின் அல்ல. ஆக, பகையாளிகள் சம்பந்தியாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கல்யாணத்தில் நமக்கு மொய் வைக்கிற வேலை மட்டும்தானா? (கைதட்டல்)

நம் பணத்துக்குக் காவல் யார் என்ற கேள்வியை மலைக்கு அந்தப்பக்கம் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். குமுளி ஏறி, பீர்மேடு வழியாக இறங்கினால் பாலா. அங்கே பாலாய் சென்ட்ரல் வங்கி என்று ஒன்று இருந்தது. கேரளத்தின் பெரிய வங்கிகளில் ஒன்று. ரப்பர்த் தோட்டக்காரர் முதல் வாத்தியார் வரை அதில் போட்டிருந்தார்கள். 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதை மூட உத்தரவு வாங்கியது. ஒரே நாளில் கதவு சாத்தப்பட்டது. அன்றைக்கு வங்கிக்காரரின் சிட்டையில் பெயர் இருந்தவர்களும், வஜீர்எக்ஸ் சிட்டையில் பெயர் இருந்தவர்களும் ஒரே சாதி. என்ன வித்தியாசம் என்றால், அன்றைக்கு நாடாளுமன்றம் வெட்கப்பட்டது. அடுத்த வருசமே வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962 ஜனவரி 1 முதல், வங்கி விழுந்தாலும் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை உத்தரவாதம். அதுதான் வளர்ந்து, 1993-ல் ஒரு லட்சம், மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கிய கூத்துக்குப் பிறகு 2020-ல் ஐந்து லட்சம். உங்கள் பாஸ்புக்கில் இருக்கிற அந்த ஐந்து லட்சத்துக் காவல், பாலாக்காரர்கள் அழுத கண்ணீரில் முளைத்தது.

காயின் விலை விழுந்தால் ஈடு கொடு என்று நான் கேட்கவில்லை. அது வாங்கினவன் தலையெழுத்து. திராட்சை விலை விழுந்தால் நமக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? நான் கேட்பது கடைக்காரரைப் பற்றி. வாடிக்கையாளர் காயினும் கடைக்காரர் காயினும் வேறு வேறு பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வெளியாள் ஒருவர் வர வேண்டும், எண்ணியதை ஊரறியச் சொல்ல வேண்டும். திருட்டுப் போனால் கொடுக்க, பிடித்துக்கொள்கிற அந்த ஒரு சதவீதத்திலிருந்தே ஒரு நிதி சேர்க்கட்டும். லாபத்தில் நட்டத்தைக் கழிக்க விடட்டும். சந்தேகப்பட்ட தொகையை மட்டும் முடக்கட்டும், ஜீப் வாடகையை விட்டுவிடட்டும். வங்கிக்கு என்ன விதியோ அதில் பாதியாவது இதற்கு. இதையும் செய்ய மனமில்லை என்றால் 30 சதவீதத்தை எந்த உரிமையில் வாங்குகிறீர்கள்?

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை, திட்டாமல் கேளுங்கள். அம்மா சங்கிலியை வைத்து வாங்கிய கடனை அந்த ஆப்புக்குள் போடாதீர்கள். டெலிகிராமில் மாசம் பத்து சதவீதம் தருகிறேன் என்பவனிடம் பிட்காயினும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்த்து ஏமாந்தவர்களைக் கேளுங்கள்; அங்கே கோழியாவது கண்ணில் தெரிந்தது.

நான் சொன்னதையெல்லாம் மனுவாக எழுதி அந்த மேசையில் வைத்திருக்கிறோம். நிதியமைச்சகத்துக்கு ஒன்று, நம் எம்.பி.க்கு ஒன்று. பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் போடுங்கள். காயின் வைத்திருக்கிறவன் மட்டும்தான் போட வேண்டும் என்றில்லை, பாஸ்புக் வைத்திருக்கிற தாய்மார்களும் போடலாம். சின்னமனூர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கிறது. வரிசையில் தள்ளாமல் வாருங்கள்.