கைக்குழவியின் வயிற்றுப்போக்கு
(நம் சங்கத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவம் யாம் கற்ற கலையன்று. தமிழ் கற்பித்தலே எம் தொழில். எனினும் இப்பொருள்பற்றிப் பேசும் கடன் எமக்குண்டு. யாம் பத்து வயதுச் சிறுவராயிருந்த காலை, ஐந்து திங்கள் நிரம்பிய எம் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ‘மாந்தம், பால் கொடுத்தால் இன்னும் போகும்’ என்றனர் வீட்டு முதியோர். எம் அன்னையார் பால் கட்டி மார்பு நோவ, அழுத குழவியைத் தோளிலிட்டு ஆற்றினார். மூன்றாம் நாள் அழுகை நின்றது. குணமாயிற்றென மகிழ்ந்தோம். அவ்வமைதியே இறுதியென எம்மில் ஒருவரும் அறிந்திலர்.

உடலினின்று நீரும் உப்பும் வெளியேறியமையே அவள் உயிரைக் கொண்டது. ஒழுகுங் குடத்தில் நீர் வார்ப்பதை நிறுத்தினால் ஒழுக்கு நிற்குமோ? குடமன்றோ வறிதாகும்!

ஆதலின் மூன்று செய்திகளை மனத்திற் பதித்தருள்க.

முதலாவது, தாய்ப்பாலை நிறுத்தற்க. முன்னினும் அடிக்கடி ஊட்டுக. தாய்ப்பாலுண்ணுங் குழவி நாளிற் பன்முறை மஞ்சளாய் இளகிய மலங்கழித்தல் இயல்பே. வழக்கத்தினும் நீர்த்துப் போதலே நோயாம்.

இரண்டாவது, ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச்சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பு வழி ஏற்றும் உப்புநீர் போதாமையால், திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் இக்கரைசலைக் குடிப்பித்தார். நூற்றுக்கு 30 அளவினதாயிருந்த சாவு 4-க்குங் குறைந்தது. சர்க்கரை குடற்சுவர் வழியே உப்பை உடன்கொண்டு செல்ல, நீரும் பின்தொடர்ந்து உட்புகும். இதுவே அதன் மருமம். பொட்டலத்திற் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுதுங் கரைத்து, 24 மணி நேரத்துள் பயன்படுத்துக. ஒவ்வொரு போக்கிற்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை, கரண்டி கரண்டியாய்ப் புகட்டுக. வாந்தியெடுப்பின் 10 நிமிடம் பொறுத்து மெல்லத் தொடர்க. மருத்துவர் தரும் துத்தநாக மருந்தைப் போக்கு நின்ற பின்னும், அவர் குறித்த நாள்வரை கொடுக்க. மலங்கட்டும் மருந்தைக் கடையிற் கேட்டு வாங்கற்க.

மூன்றாவது, அபாயக் குறிகள். கண் குழிதல், உச்சிக்குழி பள்ளமாதல், ஆறு மணி நேரம் சிறுநீர் இறங்காமை, பால் குடியாமை, மலத்திற் குருதி, காய்ச்சல், துவண்டு கிடத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும், தொக்கம் எடுக்க ஓடாது மருத்துவமனைக்கே விரைக. இரண்டு திங்களுக்குட்பட்ட குழவியாயின் குறிகளை எதிர்பாராது உடனே செல்க. வழியிலும் பாலூட்டுக.

எம் தங்கை மறைந்த நாளிலேயே இக்கரைசல் உலகில் இருந்தது; எம் வீடு அதனை அறியாதிருந்தது. எம் அன்னையாரைக் குறைகூற எமக்கு வாய் எழவில்லை. ஆயின், இன்று அறிந்த பின்னரும் நம்மவர் வீடொன்றில் நோயுற்ற குழவிக்குப் பால் மறுக்கப்படுமாயின், அக்குற்றம் நம்முடையதேயாம்.