குடிநோயிலிருந்து மீள முயலும் தோழரும் கிளையின் கடமையும்

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



போராடிப் பெற்ற கூலி உயர்வு சாராயக் கடையின் கல்லாவில் போய்ச் சேருமானால், அந்தப் போராட்டத்தில் வென்றது யார்? 1977க்குப் பிறகு தல்லி ராஜ்ஹராவின் இரும்புத் தாதுச் சுரங்கங்களில், சங்கர் குஹா நியோகி தலைமையிலான சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் இக்கேள்வியை எதிர்கொண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்துப் பெற்ற உயர்வு மதுவில் கரைவதைக் கண்ட சங்கம், மது எதிர்ப்பைத் தொழிற்சங்கப் பணியாகவே மேற்கொண்டது. பெண் தொழிலாளர்கள் அதன் முன்வரிசையில் நின்றனர். 1983இல் தொழிலாளர்களின் நன்கொடையாலும் உழைப்பாலும் எழுந்த ஷஹீத் மருத்துவமனையும் அதே பார்வையின் விளைவே. தொழிலாளியின் உடல்நலம் சங்கத்தின் பொறுப்பு என்பதே அந்தப் பார்வை.

2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவால் ஏற்படும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். போதைதரும் பானங்களைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு. மாநில அரசுகளோ மது வருவாயை நம்பிக் கருவூலத்தை நடத்துகின்றன.

குடிக்கும் தொழிலாளியை ஒழுக்கம் கெட்டவன் என்று ஆளும் வர்க்கம் பழித்த காலத்திலேயே, அவனது வாழ்நிலையில் அதன் வேரைக் காட்டினார் எங்கெல்ஸ். 1845இல் வெளிவந்த, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை குறித்த நூலில் அதைக் காணலாம். ஆயினும், வேர் சமூகத்தில் இருப்பதால் சமூகம் மாறும்வரை அந்தத் தோழர் காத்திருக்கட்டும் என்று எந்தக் கிளையும் கூற முடியாது. அவரது கல்லீரலும் அவரது குடும்பமும் அதுவரை காத்திரா.

கிளைகளில் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, கேலியும் ஒழுங்கு நடவடிக்கையும். மற்றொன்று, "நல்ல தோழர்தான், மாலைக்குப் பிறகுதான் சிக்கல்" என்று கூறிக் கண்டும் காணாமல் இருப்பது. குடிநோய் ஒரு நோய். நோயாளிக்கு வேண்டியது சிகிச்சையும் துணையும்.

முதலில் மருத்துவர். நீண்டகாலம் அன்றாடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, வைராக்கியத்தை மட்டும் நம்பி எவரையும் வீட்டில் அடைத்துவைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது போதை மீட்பு மையத்தை அணுக வேண்டும். 14446 என்ற தேசிய உதவி எண்ணும் வழிகாட்டும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு வரும் மாலைகளே கடினமானவை. அங்குதான் ஆதரவுக் குழு தேவைப்படுகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இரு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1957இல் இந்தியாவுக்கு வந்தது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பி இடும் காசிலேயே செலவுகள் நடக்கின்றன. வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை. அங்கு ஒருவர் தம் அனுபவத்தைக் கூறுகிறார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கின்றனர். புதியவர் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. திறந்த கூட்டங்களுக்குத் துணைக்கு ஒருவர் செல்லலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு உள்ளது.

கட்சித் தோழர்களிடம் இரண்டு தயக்கங்கள் எழுவது இயல்பு. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வருகிறதே என்பது முதலாவது. அவரவர் புரிந்துகொண்டவாறு என்றே அங்கு கூறப்படுகிறது. கூடியிருக்கும் மனிதர்களின் கூட்டு வலிமையையே அந்த ஆற்றலாகக் கொண்டு மீண்ட நாத்திகர்கள் உண்டு. அந்த அமைப்பு அரசியல் பேசுவதில்லையே என்பது இரண்டாவது. உண்மை, வெளி விவகாரங்களில் நிலைப்பாடு எடுப்பதில்லை என்பது அதன் மரபு. மது வணிகத்தையும் அதில் கொழுக்கும் அரசையும் எதிர்த்துப் போராடுவது கட்சியின் வேலை. அந்த வேலையைச் செய்யாத குற்றத்தை ஆதரவுக் குழுவின்மீது சுமத்துவது பொருந்தாது.

மீண்டும் குடித்துவிட்ட தோழரைத் துரோகி போல நடத்தலாகாது. நோய் திரும்புவது இந்நோயின் இயல்பு. அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்துச் செல்வதே மருந்து. குடிநோய்க்கு ஆளான பெண் தோழருக்கு அவமானத்தின் சுமை இரட்டிப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் இக்குழு எங்கே, எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடுகிறது என்பதை அறிந்து வைத்திருக்க வேண்டும். முதல் நாள், தோழரின் விருப்பத்தைக் கேட்டு, ஒருவர் உடன் செல்ல வேண்டும். அங்கு பேசப்பட்டது கமிட்டியின் நிகழ்ச்சி நிரலில் ஏறக் கூடாது. கிளைக் கூட்டமும் அந்தக் குழுவின் கூட்டமும் ஒரே மாலையில் வந்தால், கிளைக் கூட்டத்தையே வேறு நாளுக்கு மாற்ற வேண்டும்.