தண்டனை எந்த நாளில் முடிகிறது?



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகப் பேச அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. மக்கள்தொகைக் கணக்கில் நம்மைச் சாதியற்ற திராவிடர் என்று பதியச் சொல்லி வாதாடியவர் அவர். அரசாங்க ஏட்டில் ஏறும் ஒரு சொல் மனிதரின் வாழ்வை எப்படித் தீர்மானிக்கும் என்பதை அறிந்திருந்தார். அப்படி ஏட்டில் ஏறும் இன்னொரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ‘தண்டிக்கப்பட்டவர்’ என்பது அந்தச் சொல்.

பழனி மலையில் நிலமில்லாதவருக்கு என்ன வேலை கிடைக்கிறது? தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டக் கூலி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் கேரட்டும் எடுக்கும் கூலி. கூலியை விட்டு வெளியேற நினைக்கும் இளைஞருக்கு முதலில் தெரிபவை இரண்டு: விடுதிக் காவலர் வேலை, வாடகை வண்டி ஓட்டுவது. இரண்டு வாசலிலும் சட்டம் நிற்கிறது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவைப் படியுங்கள். நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலராக அமர்த்தக் கூடாது என்கிறது. என்ன குற்றம், எத்தனை ஆண்டுக்கு முன், அதற்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று எதையும் அது கேட்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆவது பிரிவோ, ‘வழக்கமான குற்றவாளி’ என்று கருதினால் ஓட்டுநர் உரிமத்தையே பறிக்கலாம் என்கிறது. அப்படிப்பட்டவர் யார் என்று அது வரையறுக்கவில்லை.

இந்தச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதை எதிர்த்தவர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 8ஆவது பிரிவு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டுகள் கழிந்ததும் மீண்டும் தேர்தலில் நிற்கலாம். சட்டம் இயற்றும் அவைக்குள் போகலாம். அந்த அவையின் வாசலில் தனியார் நிறுவனக் காவலராக நிற்க மட்டும், நூறு ரூபாய் அபராதம் கட்டியவருக்கும் ஆயுள் முழுக்கத் தடை! குற்றப் பரம்பரைச் சட்டத்தை நமக்குத் தந்த பிரிட்டன்கூட, குறிப்பிட்ட காலம் கடந்தால் பெரும்பாலான பழைய தண்டனைகள் காலாவதியாகும் என்று 1974இலேயே தன் மக்களுக்குச் சட்டம் செய்துகொண்டது.

விடுதியில் தங்குபவரின் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குழந்தைகளுக்குத் தீங்கு செய்தவரைப் பள்ளி வாசலில் நிறுத்தச் சொல்லவில்லை. குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் தடுக்கட்டும். தடைக்கு ஒரு கால எல்லை வைக்கட்டும். மறுக்கும் முன் காரணத்தை எழுத்தில் தந்து, அவர் சொல்வதைக் கேட்கட்டும். தீர்ப்பே வராத வழக்கைத் தண்டனையாக எண்ண வேண்டாம். இந்த நான்கும்தான் நம் கோரிக்கை.

சட்டம் திருந்தும்வரை மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விறகு வழக்கு, கைகலப்பு வழக்கு என்று வந்தால், “ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ, அலைய வேண்டாம்” என்று நம் ஆட்களுக்குச் சொல்கிறார்கள். ஒருநாள் கூலி போகிறதே என்று அவர்களும் கட்டிவிடுகிறார்கள். அந்த ரசீதும் ஒரு தண்டனைதான் என்று எவரும் சொல்வதில்லை. நன்னடத்தைச் சான்று கேட்கும் நாளில்தான் அது தெரியவருகிறது.

1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆவது பிரிவு. ஆனால் அதை நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம், “அபராதம் வேண்டாம், இந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள்” என்று சொல்ல ஊருக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். பண்டிதரின் பெயரால் கூடியிருக்கும் நாம் இந்த வேலையிலிருந்து தொடங்குவோம்.