திண்ணையில் ஒரு மணி நேரம்

(கொழிஞ்சாம்பாறைப் பகுதிப் பெற்றோர் கூட்டத்தில் நமது அமைப்பாளர் ஆற்றிய உரையிலிருந்து)



கொரோனாவை மறந்துவிட்டோம். முகமூடி போயிற்று, வாளையாறு செக்போஸ்ட்டில் பாஸ் கேட்டதும் பழங்கதையாயிற்று. ஆனால் நம் பிள்ளைகள் அன்று இழந்த படிப்பு திரும்பி வந்ததா?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஜூன் 1ஆம் தேதி ‘பர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் கைட் விக்டர்ஸ் டி.வி.யில் பாடம் தொடங்கியது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. டி.வி.யோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.6 லட்சம் என்று அரசுத் தரப்புக் கணக்கே சொன்னது. அவர்களுக்காக வாசகசாலையிலும் அங்கன்வாடியிலும் பொது டி.வி. வைத்தார்கள். அந்த டி.வி. எந்த மொழியில் பேசியது? மலையாளத்தில்! தமிழ்வழிப் பாடங்கள் பின்னால்தான் வந்தன. அவையும் பெரும்பாலும் யூடியூபில். மலையாளப் பிள்ளைக்குப் பழைய டி.வி. ஒன்று போதும். நம் பிள்ளைக்குப் போன் வேண்டும், ரீசார்ஜ் வேண்டும், ரேஞ்ச் வேண்டும். வேலை நின்று கிடந்த நாளில் ரீசார்ஜுக்கு எங்கே போவது? வீட்டில் இருக்கிற ஒரே போனும் அப்பன் சட்டைப்பையில்.

இங்கே ரேஞ்சாவது உண்டு. இடுக்கி மலையில்? 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள், பிள்ளைகள் உட்பட. கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியே செய்தி எட்டியது மறுநாள் காலையில். சாவுச் செய்தியே போகாத இடத்துக்குக் கணக்குப் பாடமா போய்ச் சேரும்?

பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1, கேரளம் பிறந்த நாள். எல்லோரும் திரும்பினார்களா? 2022இல் என் டிக்கெட் கவுண்டரில் ஒரு பையன் திருப்பூருக்கு டிக்கெட் கேட்டான். பதின்மூன்று வயதிருக்கும். கையில் தூக்குப்போணி. பள்ளிக்கூடம் போகலையா தம்பி என்றேன். “பாடம் விட்டுப்போச்சு சார், போனா ஒண்ணும் புரியலை” என்றான். டிக்கெட் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்? அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த 1956இல்தான் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்து தர முயல வேண்டும் என்கிறது அது. இனி எந்த நோய் வந்தாலும் தமிழ்ப் பாடம் முதல் நாளே டி.வி.யில் வர வேண்டும். இதைக் கேட்போம், விடமாட்டோம். ஆனால் அதுவரை கைகட்டி இருப்பதா?

“எனக்கு எழுத்தே தெரியாது, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பேன்?” என்று ஓர் அக்கா கேட்டார். அக்கா, பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் உங்கள் பேச்சுத்தானே? எங்கே தடுக்குகிறது என்று உங்கள் காதுக்குத் தெரியும். தடுக்கிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையைப் பார்க்கவே ஒன்றரை வருஷம் ஆயிற்று. அது அவன் குற்றமல்ல.

தெருவுக்கு ஒரு திண்ணை, மாலை ஒரு மணி நேரம். பத்தாவது படித்த நம் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் நடத்தட்டும். விளக்குக்கும் சிலேட்டுக்கும் சங்கம் பொறுப்பு. ஞாயிறு காலை பெயர் எழுதுகிறோம். ரேஷன் கார்டு, ஆதார் ஒன்றும் வேண்டாம். பிள்ளையையும் வீட்டில் கிடக்கிற ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் கூட்டி வாருங்கள்.