குழல் மாற்றிய துப்பாக்கி



'மேக்னம்' என்பது இலத்தீன் மொழியில் 'பெரியது' என்னும் பொருள் தரும் சொல். மேனாட்டார் இருமடங்கு மது கொள்ளும் புட்டியை அப்பெயரால் வழங்கினர். பின்னர் அது துப்பாக்கித் தோட்டாவுக்கும் பெயராயிற்று. வழக்கத்தைவிட மிகுதியான வெடிமருந்தைக் கொள்ளும் பெரிய பித்தளைக் கூடு உடையதே மேக்னம் தோட்டா. அத்தகைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் குழலைக் கழற்றிவிட்டு, வேறொரு தோட்டாவுக்குரிய குழலைப் பொருத்தும் தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை வழக்கொழிந்தது. துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமம் கேட்கிறது. ஆகவே நான் கூறப்போவது பெரிதும் அமெரிக்க நாட்டு வழக்கம். எனினும், மயிரிழை அளவுப் பிழையும் உயிருக்கு உலை வைக்கும் ஒரு தொழிலில் மனிதர் எவ்வாறு ஒழுகுகின்றனர் என்பது எந்நாட்டவரும் அறியத்தக்கது.

முதலில் துப்பாக்கியின் உறுப்புகளைக் காண்போம். மரக்கட்டையின்மேல் அமர்ந்திருக்கும் எஃகு உடற்பகுதி ஒன்று உண்டு. அதன் முன்முனையில் குழல் திருகி இறுக்கப்பட்டிருக்கும். உடற்பகுதிக்குள் முன்னும் பின்னும் நகர்வது தாழ். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போல அதைத் தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். குழலின் பின்முனையில் தோட்டாவின் வடிவாகவே குடையப்பட்ட அறை இருக்கிறது. அறைக்கு முன்னால் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் ஓடுகின்றன. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறுவதால்தான் நேர்வழி செல்கிறது.

இனி, மேக்னம் தோட்டாக்களின் குலமுறையைச் சிறிது கூறவேண்டும். 1912-இல் இலண்டன் நகரத்து ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனத்தார் .375 மேக்னம் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். அதன் கூடு நீண்டு சரிந்தது. தோளோ மிகச் சிறியது. அறைக்குள் தோட்டா எவ்வளவு தூரம் புகலாம் என்பதை அத்தோளை நம்பி வரையறுக்க இயலாது. ஆகவே கூட்டின் அடிப்பகுதியில், குழந்தையின் இடையில் அரைஞாண் கிடப்பதுபோல, பித்தளையிலேயே ஒரு பட்டை அமைத்தனர். அறையின் விளிம்பில் அந்தப் பட்டை தட்டியவுடன் தோட்டா நின்றுவிடும்.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் இக்கூட்டைக் குறுக்கிப் புதிய தோட்டாக்களைப் படைத்தது. 1956-இல் யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்ற .458 வந்தது. 1958-இல் .338, .264 ஆகிய இரண்டும், 1963-இல் .300 தோட்டாவும் வந்தன. இடையே 1962-இல் ரெமிங்டன் நிறுவனம் 7 மில்லிமீட்டர் மேக்னத்தை வெளியிட்டது. இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். குண்டின் பருமன் வேறுபட்டாலும், அடிவிளிம்பு எல்லாவற்றிலும் 13.5 மில்லிமீட்டரே. அரைஞாணும் ஒன்றே. இவ்வுறவுதான் குழல் மாற்றும் தொழிலாளிக்குப் பெருந்துணை.

குழலை ஏன் மாற்றவேண்டும்? .264 மேக்னத்தின் கதை இதற்கு நல்ல விடை. வின்செஸ்டர் தன் 70-ஆம் மாதிரித் துப்பாக்கியில் இதை அமைத்து, 'மேற்கத்தியன்' என்று பொருள்படும் பெயரிட்டு விற்றது. மேற்கு மாநிலங்களின் திறந்த வெளிகளில், நெடுந்தொலைவில் நிற்கும் மானை எய்வதற்கென்றே அது பிறந்தது. பெரிய கூடு நிறைய வெடிமருந்து. ஆனால் அது எரிந்து வெளியேறும் துளையோ 6.7 மில்லிமீட்டர் குண்டுக்கான குறுகிய துளை. அகன்ற குடத்து நீரை ஊசிவாய்க் குழாய் வழியே பீச்சுவதை நிகர்த்தது. கொதிக்கும் வாயு, அறைக்கு முன்னுள்ள தொண்டைப் பகுதியின் எஃகை ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சிறிதாக அரித்துவிடுகிறது. சுருள்வரிகளின் தொடக்கம் தேய்கிறது. குண்டு தன் பிடியை இழக்கிறது. முன்பு ஓர் உள்ளங்கை அகலத்துள் விழுந்த குண்டுகள் சிதறத் தொடங்குகின்றன. குண்டு சிதறினால் விலங்கு உடனே வீழாமல் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். நல்ல வேட்டைக்காரன் அதற்கு ஒருப்படமாட்டான். உடற்பகுதியும் தாழும் இன்னும் பல்லாண்டு உழைக்கும். குழல் மட்டுமே முதுமை எய்தியது.

ரெமிங்டனின் 7 மில்லிமீட்டர் மேக்னம் வந்தபின் .264-க்கு மவுசு குறைந்தது. கடைகளில் தோட்டா அரிதாயிற்று. எனவே தேய்ந்த குழலை மாற்றுவோர், 'இனி இதே தோட்டா வேண்டுமா? எங்கும் கிடைக்கும் 7 மில்லிமீட்டருக்கு மாறிவிடலாமே!' என்று எண்ணினர்.

தேய்மானத்தைப் போலச் சட்டமும் தோட்டாவை மாற்றச் செய்தது உண்டு. 1907-இல் ஆங்கில அரசு .450 அளவுத் துப்பாக்கிகள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் வருவதைத் தடுத்தது. அந்த அளவு கலகக்காரரின் கையிலிருந்த பழைய படைத் துப்பாக்கிகளுக்குப் பயன்படும் என்பது அரசின் அச்சம். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் .470, .465, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தனர்.

இனி, எந்தத் தோட்டாவுக்கு மாறுவது என்பதை எங்ஙனம் தீர்மானிப்பது? மூன்று அளவுகள் தொழிலாளிக்கு வழிகாட்டுகின்றன.

முதலாவது, தோட்டாவின் அடி. தாழின் முகம் அடிவிளிம்பை ஏந்தி நிற்கிறது. கவ்வி அதைப் பற்றி வெளியே இழுக்கிறது. .264-இலிருந்து 7 மில்லிமீட்டருக்கோ, .300-க்கோ, .338-க்கோ மாறினால் தாழைத் தொடவேண்டுவதில்லை. 1906-ஆம் ஆண்டுப் படைத்தோட்டாவான .30-06-க்கு மாறவேண்டுமானால், அதன் அடி 12 மில்லிமீட்டரே ஆதலால், வேறு தாழ் தேடவேண்டும். இதற்கு மறுதலையாக, சிறிய அடிக்கென அமைந்த தாழைக் குடைந்து பெரிய தோட்டாவை ஏற்கச் செய்வோரும் உண்டு. அடி அகன்றால் தாழின்மேல் விழும் தள்ளுதலும் கூடும் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

இரண்டாவது, நீளம். .375 தோட்டா முழுமையாக 91 மில்லிமீட்டர் நீளமுடையது. குறுக்கப்பட்ட வின்செஸ்டர் தோட்டாக்களோ ஏறத்தாழ 85 மில்லிமீட்டருக்குள் அடங்கும். தோட்டாப் பெட்டி குறுகியதாயின் நெடிய தோட்டா அதில் படுக்காது.

மூன்றாவது, அழுத்தம். .264 மேக்னத்துக்கு அமெரிக்கத் தொழிற்கழகம் விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. மோட்டார் காரின் டயரில் 32 பவுண்டு காற்றடைக்கிறோம் என்று கொண்டால், இது அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு. 7 மில்லிமீட்டர் மேக்னத்துக்கு 61,000 பவுண்டு. இவ்வளவையும் சுடுபவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் தாங்கி நிற்பது தாழின் முனையிலுள்ள இரண்டு எஃகுப் புடைப்புகளே. ஆதலால் புதுக் குழல் வாங்குமுன் அப்புடைப்புகளில் கீறலோ நசுங்கலோ உண்டா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தல் வேண்டும். உடற்பகுதி நோயுற்றிருந்தால் புதுக்குழல் அதற்கு மருந்தாகாது.

வேலைமுறையைக் கேளுங்கள். மரக்கட்டையைக் கழற்றிய பின், குழலை மென்மையான கட்டைகளின் நடுவே இறுக்கிப் பிடிப்பார்கள். உடற்பகுதியில் நீண்ட பிடியுள்ள திருகியை மாட்டி அழுத்தினால், பல்லாண்டு இறுகியிருந்த மரை 'கிர்' என்ற ஓசையுடன் நெகிழும். புதுக்குழலைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, அதன் பின்முனையில் மரை வெட்டுவார்கள். 70-ஆம் மாதிரிக்கு அம்மரை அங்குலத்துக்கு 16 சுற்று. 1964-க்கு முற்பட்ட 70-ஆம் மாதிரியில் ஒரு நுட்பம் உண்டு. கவ்வி நுழைவதற்கென்று குழலின் பின்முகத்திலும் ஒரு வெட்டு வேண்டும். குழல் இறுகி நிற்கும் நிலையில் அந்த வெட்டு கவ்விக்கு நேராக வரவேண்டும். சற்றே பிசகினாலும் தாழ் மூடாது.

பின்னர் அறை குடையப்படும். 'ரீமர்' என்னும் சீவுகருவி தோட்டாவின் வடிவையே தன் வெட்டுமுனைகளில் கொண்டது. எண்ணெய் விட்டுச் சிறிது சீவுவதும், வெளியே எடுத்துத் தூளைத் துடைப்பதும், மீண்டும் சீவுவதுமாக வேலை நடக்கும். இங்கே அவசரம் ஆகாது. ஏனெனில் தாழின் முகத்துக்கும் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் விளிம்புக்கும் இடையேயுள்ள தூரமே துப்பாக்கியின் உயிர்நிலை. அரைஞாண் தோட்டாக்களில் அது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். தூரம் குறைந்தால் தாழ் மூடாது. கூடினால் வெடிக்கும் கணத்தில் பித்தளைக் கூடு பின்னோக்கி நீண்டு அடிப்பகுதியில் அறுந்துபோகலாம். அறுந்தால் அந்த 64,000 பவுண்டு அழுத்தமுள்ள வாயு சுடுபவனின் கண்ணை நோக்கி வரும்.

இதைச் சோதிக்க இரண்டு எஃகு அளவுகள் உண்டு. ஒன்றின் பெயர் 'கோ', மற்றதன் பெயர் 'நோ-கோ'. முன்னதை இட்டால் தாழ் மூடவேண்டும். பின்னதை இட்டால் மூடக்கூடாது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தச் சிறு இடைவெளிக்குள் தொழிலாளியின் நேர்மை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அளவு சரியானபின் சோதனை வெடி. இங்கிலாந்தில் 1637-ஆம் ஆண்டிலேயே துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அரசுப் பட்டயம் கிடைத்தது. 1813-இல் பர்மிங்காம் நகரில் சோதனைச்சாலை எழுந்தது. புதுக்குழல் இட்ட துப்பாக்கி மீண்டும் சோதனையில் தேறாமல் அங்கே விற்பனைக்கு வரலாகாது. ஐரோப்பிய நாடுகள் பல ஏற்றுக்கொண்ட விதிப்படி, உச்ச அழுத்தத்தைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலான வெடியைத் துப்பாக்கி தாங்கிக் காட்டவேண்டும். தாங்கினால் முத்திரை குத்தப்படும். அமெரிக்காவில் அத்தகைய அரசுச் சட்டம் இல்லை. 1926-இல் தோன்றிய தொழிற்கழகத்தின் அளவுகளைப் பின்பற்றித் தொழிலாளி தானே சோதித்துத் தருகிறான். சுட்டு முடித்த வெற்றுக் கூட்டை எடுத்து, அதன் அடியில் பளபளப்பான வளையமோ பிளவோ தெரிகிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம்.

இத்தனையும் முடிந்தபின் எஞ்சும் வேலை சிறியது, ஆனால் தலையாயது. குழலின்மேல் புதிய தோட்டாவின் பெயரைப் பொறிக்கவேண்டும். .264 தோட்டாவையும் 7 மில்லிமீட்டர் தோட்டாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உயரம் ஒன்று, உடல் ஏறத்தாழ ஒன்று, கழுத்து மட்டும் ஒருநூல் அகலம். 7 மில்லிமீட்டர் அறையில் .264 தோட்டா தடையின்றி நுழைந்துவிடக்கூடும். அதன் குண்டு 6.7 மில்லிமீட்டர், குழலோ 7.2 மில்லிமீட்டர் குண்டுக்குரியது. சுருள்வரிகள் அதைப் பற்றமாட்டா. குண்டு சுழலாமல் தள்ளாடிச் செல்லும்; எங்கே விழும் என்பதை எவரும் சொல்ல இயலாது. குழல் மாற்றியவன் இதை அறிவான். ஆனால் துப்பாக்கி மனிதனைவிட நெடுங்காலம் வாழ்வது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதைக் கையில் எடுக்கும் மகனோ, விலைகொடுத்து வாங்கும் அயலானோ, யாரைக் கேட்பான்? குழலின்மேல் உள்ள எழுத்தைத்தான் கேட்பான். உடற்பகுதியில் பழைய பெயர் எங்கேனும் இருந்தால், அதையும் கோடிட்டு நீக்கி வைப்பது அறம்.

குழல் மாற்றுவதால் துப்பாக்கிக்கு மறுபிறவி கிடைக்கிறது என்று தொழிலாளர் பெருமையாகச் சொல்வதுண்டு. பிறவி புதிதாயின் பெயரும் புதிதாக வேண்டும். மரை வெட்டியதும், அறை குடைந்ததும், அளவு பார்த்ததும் அவன் கைத்திறனுக்குச் சான்று. தான் இல்லாத நாளில் முன்பின் அறியாத ஒருவன் கண்ணையும் கையையும் காப்பதற்காக அவன் பொறித்து வைக்கும் அந்த ஒரு வரி, அவன் மனத்துக்குச் சான்று.